மலைத் தமிழரும் உள்ளூர் அரசியலும்: கோமதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

கம்பம் பள்ளத்தாக்கின் அரசியல் சரித்திரத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஜமீன்கள், காங்கிரஸ், திராவிடக் கட்சிகள், ஜாதிச் சங்கங்கள் என்று ஒரு வரிசை. இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து மேற்கே ஏறிப்போனவர்கள், அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே செத்து, தேயிலைக்காட்டின் ஓரத்தில் புதைக்கப்பட்டவர்கள் — இவர்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. கேரளத்துச் சரித்திரக்காரர்களுக்கோ இவர்கள் தமிழர்கள், வேலைக்கு வந்தவர்கள். இரண்டு பேரேட்டிலும் ஏறாத பற்று.

2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து உட்கார்ந்தபோதுதான் இந்த ஜனங்கள் பத்திரிகைகளின் கண்ணில் பட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வெளித்தெரிந்த முகங்களில் ஒன்று கோமதி அகஸ்டின். கொழுந்தெடுப்பவர். போராட்டம் முடிந்த அடுத்த மாதமே தேர்தலில் நின்று, நல்லதண்ணி டிவிஷனிலிருந்து தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்து உறுப்பினரானார். பிறகு ஒரு பெரிய கட்சியின் பக்கம் போனார், விலகினார், மறுபடி வீதியில் உட்கார்ந்தார். கொழுந்துக் கூடையிலிருந்து வீதிக்கு, வீதியிலிருந்து பஞ்சாயத்துக்கு, பஞ்சாயத்திலிருந்து திரும்பவும் வீதிக்கு என்ற இந்தப் பாதையை வீராங்கனைக் கதையாகச் சிலர் எழுதினார்கள், துரோகக் கதையாகச் சிலர் எழுதினார்கள். இரண்டும் சுலபமான காரியங்கள். அந்தப் பாதை ஏன் அப்படி வளைந்தது என்பதுதான் கேட்கத்தக்க கேள்வி. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னால் போகவேண்டும்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காப்பி, சிங்கோனா என்று முயன்றுபார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. இந்த மலைக்கு அந்தக் காலத்தில் வாசல் கொச்சிப் பக்கம் இல்லை, நம் பக்கம்தான். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, போடியிலிருந்து அம்மையநாயக்கனூர் ரயில், தூத்துக்குடித் துறைமுகம். மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் முதலில் ஒற்றைத் தண்டவாள வண்டியும், பின்பு குறுகிய பாதை ரயிலும் ஓடியது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. ரயில் போனதை எழுதியிருக்கிறார்கள்; இஞ்சின் படம்கூடக் கிடைக்கிறது. பெட்டி இறங்கிய அதே பாதையில் ஏறியவர்களைப் பற்றித்தான் எழுத்து குறைவு.

ஏற்றியவர்கள் கங்காணிகள். திருநெல்வேலிச் சீமையிலும் மதுரை ஜில்லாவிலும் முன்பணம் கொடுத்து ஆள் கட்டினார்கள். முன்பணம் கழியும்வரை இறங்க முடியாது. கழியாதபடி பார்த்துக்கொள்வதும் கங்காணியின் தொழில்தான். போனவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். கீழே சேரியில் ஒதுக்கப்பட்டவர்கள் மேலே லயத்தில் ஒதுக்கப்பட்டார்கள். இலங்கையில் லயன் என்பதை மூணாறில் லயம் என்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். முன்னால் ஒரு திண்ணை, பின்னால் ஒரு அடுப்பு. பெயரில் சங்கீதம் இருப்பது தற்செயல்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் முதலாளி தரவேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் வீட்டை வேலையோடு முடிச்சுப் போட்டதும் அந்தச் சட்டம்தான். கூரையும் கூலியும் ஒரே கையிலிருந்து வந்தன. வேலை போனால் கூரையும் போகும். இந்த முடிச்சைக் கவனிக்காமல் மலைத் தமிழர் அரசியலைப் பேசுவதில் பிரயோஜனமில்லை.

மொழிவாரி மாநிலப் பிரச்னை வந்தபோது முதல் அடி இங்கேதான் விழுந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களையும் கேட்டது. 1954 ஜூலையில் மூணாறில் தடையை மீறியதற்காக மார்ஷல் நேசமணி கைதானார். அதன் எதிரொலியாக ஆகஸ்ட் 11-ஆம் தேதி தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறு ஆண்டு மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கை வந்தது. தேவிகுளம், பீருமேட்டில் தமிழர் தொகை அதிகம் என்பதை அது மறுக்கவில்லை. அவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்துபோகும் ஜனங்கள், நிலைத்த குடிகளாக மதிக்க முடியாது என்பதே வாதத்தின் சாரம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அந்தத் தாலுகாக்கள் கேரளத்தில் தங்கின.

எந்த மாநிலத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற தாவாவை இங்கே கிளற எனக்கு உத்தேசமில்லை. வாதத்தின் தர்க்கத்தை மட்டும் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று தலைமுறையாக ஒரு மலையில் இருக்கிறவனை நிலைத்த குடி அல்ல என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவன் பெயரில் அங்கே ஒரு சென்ட் நிலம் இல்லை என்பதுதான். நிலம் ஏன் இல்லை? எல்லாம் கம்பெனியிடம் இருந்தது. கம்பெனி கொடுக்காததை அவன் குடியில்லாததற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். இந்தத் தர்க்கம் 1955-இல் செத்துவிடவில்லை. பின்னால் வேறு உடுப்பில் வரும்.

அடுத்த காட்சி 1958. தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோஸம்மா புன்னூஸ் முந்தைய ஆண்டு பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, மே மாதம் இடைத்தேர்தல். நம்பூதிரிபாடு மந்திரிசபைக்கு அது மானப்பிரச்னை. கட்சி அந்தத் தேர்தல் வேலையை ஒப்படைத்தது அச்சுதானந்தனிடம். வாக்காளர்கள் தமிழர்கள், பேச்சு மட்டும் போதாது, பாட்டு வேண்டும். தேவாரத்துக்குப் பக்கத்திலிருக்கும் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஏறிப்போனார். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். ரோஸம்மா ஜெயித்தார். வரதராஜனின் தம்பி ராசையா — பின்னாளைய இளையராஜா — அண்ணன் குழுவோடு சேர்ந்ததும் அந்த நாட்களை ஒட்டித்தான். இந்தச் சம்பவத்தை இன்று நம் பக்கத்தில் எல்லோரும் ஒரு இசைமேதையின் பூர்வகதையாகச் சொல்கிறார்கள். யாருக்காகப் பாடினார்கள், அவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பவர் இல்லை.

ஆனது இதுதான். அதே ஆண்டு அக்டோபரில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. மூணாறு எஸ்டேட் பகுதியில் போலீஸ் சுட்டது. ஹசன் ராவுத்தர், பாப்பம்மாள் என்று இரண்டு பேர் இறந்தார்கள். சுட்ட போலீஸ், மே மாதத்தில் அந்த ஜனங்கள் ஓட்டுப்போட்டுக் காப்பாற்றிய சர்க்காரின் போலீஸ். ஐந்து மாத இடைவெளி. நம் முற்போக்கு நண்பர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதில்லை. வைத்தால் பாட்டின் ருசி கெட்டுவிடும் என்று பயம் போலும். கட்சிக்கு எதிரான வாதமாக இதைச் சொல்லவில்லை. சங்கம் கட்டியதும், கங்காணி முறை ஒழியப் போராடியதும் அதே செங்கொடிக்காரர்கள்தான். ஆனால் மலைத் தமிழனின் ஓட்டு சமவெளியில் கணக்கிடப்பட்டது, அவனுடைய உயிரும் அங்கேயேதான் கணக்கிடப்பட்டது என்பது அந்த ஆண்டிலேயே தெரிந்துவிட்டது.

1971-இல் கண்ணன் தேவன் மலைகள் நில மீட்புச் சட்டம் வந்தது. மன்றோவின் குத்தகையில் வந்த நிலங்களைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பயிரிட்டிருக்கும் தோட்டமும் அதற்குத் தேவையானதும் கம்பெனிக்கு விடப்படும். மீந்ததை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் ஒதுக்கலாம் என்றது சட்டம். 1972-இல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதிசெய்தது. லயத்திலிருந்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். பிற்பாடு மூணாறில் ஆக்கிரமிப்பு, ரிசார்ட், இடிப்பு என்று எவ்வளவோ கூச்சல். அந்தக் கூச்சலில் நிலம் கேட்டு உரிமைகொண்டாடியவர்களில் கொழுந்தெடுக்கிறவர்களின் குரல் கடைசியாகத்தான் கேட்டது.

2005-இல் டாடா கம்பெனி தோட்ட நிர்வாகத்திலிருந்து ஒதுங்கியபோது ஒரு விசித்திரமான ஸ்தாபனம் பிறந்தது. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்கள் கையில். காகிதத்தில் தொழிலாளியே முதலாளி. நிர்வாகப் பாடப்புத்தகங்களில் உதாரணமாகச் சொல்லத்தக்க ஏற்பாடு. பங்குப் பத்திரத்தை லயத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பெண் எந்த அர்த்தத்தில் முதலாளி என்பது பத்து வருஷம் கழித்துத் தெரிந்தது.

2015-இல் போனஸ் 10 சதவீதம் என்று கம்பெனி அறிவித்தது. கேட்டது 20. தினக்கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து பறிக்கவேண்டும். போனஸ் என்பது அந்தக் கூலியில் வாழ்கிறவர்களுக்கு உபரிப் பணமில்லை. பிள்ளையின் காலேஜ் பீஸ், கடைப் பாக்கி, அடகு மீட்பு எல்லாம் அதை நம்பித்தான். அந்த மாதத்தில் எந்த வங்கியின் நகைக்கடன் கௌண்டரிலும் இது தெரியும். ஏ.ஐ.டி.யூ.சி., சி.ஐ.டி.யூ., ஐ.என்.டி.யூ.சி. என்று மூன்று சங்கங்கள் இருந்தன. ஆனால் செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் எந்தச் சங்கத்தையும் கேட்காமல் மூணாறுக்கு நடந்தார்கள். ரோட்டில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. தொகுதியின் எம்.எல்.ஏ.வையும் திருப்பி அனுப்பினார்கள். ஆண்களைக்கூடத் தள்ளியே நிற்கச் சொன்னார்கள். ஆண்களை நம்பிச் சங்கத்தை விட்டுவைத்ததன் பலனை அவர்கள் பார்த்துவிட்டார்கள். அவர்கள் கண்ணில் தலைவர்களும் நிர்வாகமும் ஒரே கட்டிலில்தான் இருந்தார்கள்.

ஒரே ஒருவரைத்தான் பக்கத்தில் உட்கார விட்டார்கள் என்று சொல்லலாம். எதிர்க்கட்சித் தலைவர் அச்சுதானந்தன். தொண்ணூற்றொரு வயது. 1958-இல் அந்த மலையில் ஓட்டுச் சேகரித்த அதே மனிதர். பேச்சுவார்த்தை முடியும்வரை இருப்பேன் என்று உட்கார்ந்தார். செப்டம்பர் 13 இரவு ஒப்பந்தமாயிற்று: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20. கேட்ட எண் கிடைத்தது. 'போனஸ்' என்ற சொல் மட்டும் முழுதாகக் கிடைக்கவில்லை. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரிவினையின் சூட்சுமம் புரியும்: போனஸ் உரிமை, கருணைத்தொகை கருணை.

பிறகு கூலி. 500 ரூபாய் கேட்டார்கள். இரண்டாவது வேலைநிறுத்தம் செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் பாதிவரை போனது. இந்தமுறை சங்கங்களும் தனியாக வேலைநிறுத்தம் செய்தன. விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டுமே. முடிவில் தேயிலைக்கு 301 ரூபாய், ஏலத்துக்கு 330, ரப்பருக்கு 381. இதில் ஏலக்கூலி நம் ஊருக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு மெட்டு ஏறி, இருட்டியபின் இறங்கும் பெண்கள் வேலை செய்வது அந்தக் காடுகளில்தான். மூணாறுப் பெண்கள் வீதியில் இருந்ததன் பலன் இவர்களுடைய கூலிப் பேச்சுக்கும் ஒரு அளவுகோலாயிற்று. அதற்காக இங்கே யாரும் ஒரு நன்றித் தட்டி வைத்ததாக நான் பார்க்கவில்லை.

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. இது சுத்தத் தமிழுமில்லை, சுத்த மலையாளமுமில்லை. 'பொம்பிளை' மலையேறி 'பெம்பிளை' ஆகியிருக்கிறது. 'ஒருமை' நமக்குப் பள்ளிக்கூட இலக்கணத்தில் பன்மைக்கு எதிர்ப்பதம், மலையாளத்தில் ஒற்றுமை. இரண்டு பாஷையின் தூய்மைவாதிகளும் முகம் சுளிக்கக்கூடிய இந்தப் பெயரில் அந்த ஜனங்களின் வரலாறு முழுதும் இருக்கிறது. பாஷைப் பிரச்னையை மாநாடு போட்டுத் தீர்க்கிற நம் பண்டிதர்கள் யோசிக்கலாம்.

இங்கே ஒரு வார்த்தையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தப் போராட்டத்தை இனநீதிக்கான போராட்டம் என்று சொல்லலாமா? கூலிப் போராட்டம் என்றார்கள் இடதுசாரிகள். பெண்ணெழுச்சி என்றார்கள் திருவனந்தபுரத்து அறிவுஜீவிகள். தமிழர் போராட்டம் என்றார்கள் நம் பக்கத்தார் சிலர். 2001-இல் டர்பன் நகரில் ஐ.நா. சபை இனவெறிக்கு எதிரான மாநாடு கூட்டியபோது, ஜாதியை இனத்தோடு சேர்த்துப் பேசக்கூடாது என்று இந்திய அரசு பிடிவாதமாக நின்றது. மறு ஆண்டு ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்புவழியான பாகுபாடு என்பதில் ஜாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை வெளியிட்டது. சட்ட வல்லுநர்கள் எப்படியும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். மூணாறில் ஒருத்தி 'பாண்டி' என்று அழைக்கப்படும்போது, அந்த ஒரே வசவில் அவளுடைய பாஷை, நிறம், ஜாதி, வேலை எல்லாம் சேர்ந்தே சுடும். எதற்காக வசவு விழுந்தது என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியாது. வர்க்கம் மட்டும், மொழி மட்டும் என்று எடுத்துப் பேசும் நம் கோட்பாடுகளுக்கு அவள் பிடிபடாமல் போவதற்கு இதுவே காரணம்.

நவம்பர் 2-ஆம் தேதி கேரள உள்ளாட்சித் தேர்தல். வீதியிலிருந்து எழுந்து சில வாரங்கள்கூட ஆகாத ஒரு கூட்டம், கட்சி இல்லை, பணம் இல்லை, மூன்று பெரிய சங்கங்களின் பகை வேறு. இருந்தும் நின்றார்கள். மூணாறு கிராமப் பஞ்சாயத்தில் இரண்டு வார்டு, தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்தில் ஒரு டிவிஷன் கிடைத்தன. அந்த ஒரு டிவிஷன்தான் கோமதியுடையது. ஜெயித்தார் என்பதோடு செய்தி முடிகிறது. ஜெயித்து என்ன செய்ய முடியும் என்பதில்தான் விஷயம் தொடங்குகிறது.

பஞ்சாயத்து உறுப்பினரின் அதிகாரம் என்பது ரோடு, தண்ணீர், கக்கூஸ், வீட்டுத் திட்டம், விளக்கு. எஸ்டேட்டில் நிலம் கம்பெனியுடையது, லயம் கம்பெனியுடையது. வீடு கட்டிக்கொடுக்கும் திட்டம் எதற்கும் முதலில் காலடியில் நிலம் வேண்டும். ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெருவே சொந்தமில்லாத வார்டில் மெம்பராக இருப்பது எப்படிப்பட்ட பதவி?

இலங்கையில் இது இன்னும் அப்பட்டம். அங்கே 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய கதை நமக்குத் தெரியும். அதற்கு முன்பே, தோட்டத்துக்குள் வெளியார் நுழையத் தடை இருந்ததால், தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேஷத்தில் உள்ளே போய் நிலைமையை அறிந்துவந்ததாகச் சொல்வார்கள். தொழிற்சங்கம் கட்டி, சட்டசபைக்கும் போனார். குடியுரிமையெல்லாம் திரும்பக் கிடைத்த பிறகும், 1987-இல் வந்த பிரதேச சபைச் சட்டத்தின்படி சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாத நிலை. ஓட்டு உண்டு, உறுப்பினர் உண்டு, குழாய் போட அதிகாரம் இல்லை. 2018-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அமெரிக்காவின் மிஸிஸிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண் பருத்திப் பண்ணையில் வேலை செய்தவர். 1962 ஆகஸ்ட் 31-ஆம் தேதி வாக்காளராகப் பதிந்துகொள்ளப் போய் வந்தார். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வெளியே போ என்றார் பண்ணைக்காரர். பதினெட்டு வருஷம் வேலைபார்த்த இடத்திலிருந்து அன்றிரவே வெளியேறினார். இரண்டு வருஷத்தில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக்கே போய், மிஸிஸிப்பியின் வெள்ளைப் பிரதிநிதிகளின் யோக்கியதையைக் கேள்வி கேட்டார். தேர்தல்களில் நின்றார், தோற்றார். எல்லாவற்றுக்கும் பிறகு 1969-இல் அவர் செய்த காரியம் நிலம் வாங்கிக் கூட்டுப் பண்ணை தொடங்கியது. ஓட்டுக்காக வீட்டை இழந்தவருக்கு ஓட்டின் கீழே நிலம் வேண்டும் என்று தெரிந்திருந்தது. மூணாறில் யாரும் ஓட்டுப் போட்டதற்காக லயத்திலிருந்து வெளியேற்றப்படவில்லை. இங்கே சட்டம் அந்த அளவுக்கு மேல். ஆனால் கூரை யாருடையதோ அவர்களோடும் அவர்களோடு பேசும் சங்கங்களோடும் ஒருத்தி எவ்வளவு நாள் பகைத்துக்கொண்டிருக்க முடியும்?

2016-இல் கோமதி மார்க்சிஸ்ட் கட்சியின் பக்கம் போனதை இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். லிஸி சன்னிக்கும் அவருக்கும் இடையே பிளவு ஏற்பட்டது. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. தலைவிகளின் சண்டை, பதவி ஆசை, விலைபோனது என்றெல்லாம் எழுதினார்கள். அறுபது வருஷமாக ஸ்தாபனம் கட்டித் தேர்ந்த கட்சிகளுக்கு நடுவில், இரண்டு மாதத்தில் பிறந்த ஒரு கூட்டம் உடையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். கோமதி அங்கே நிலைக்கவில்லை. கட்சிக்குள் போனபிறகு அவர் ஒரு உறுப்பினர். வெளியே இருந்தபோது அவர் ஒரு கேள்வி. கட்சிக்கு வேண்டியது முன்னது.

2017 ஏப்ரலில் மின்சார மந்திரி எம்.எம். மணி ஒரு கூட்டத்தில் பெம்பிளை ஒருமைப் பெண்களைப் பற்றித் தரக்குறைவாகப் பேசினார். பேச்சை இங்கே எடுத்தெழுத வேண்டியதில்லை. உழைக்கும் பெண் வீதிக்கு வந்தால் எந்த மாதிரிப் பேச்சு வரும் என்பது தமிழ் வாசகர்களுக்கும் தெரிந்ததே. கோமதி மூணாறில் மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை ஆயிரக்கணக்கில் யாரும் வரவில்லை. ஒரு பந்தல், சில பெண்கள், ஆதரவு தர வந்த வெளியூர்க்காரர்கள். மந்திரி ராஜினாமா செய்யவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வேறொரு வழியில் டில்லிக்குப் போனது. மந்திரியின் பேச்சுக்கு அரசு பொறுப்பா என்ற வழக்கு, உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றோடு சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் முன் வந்தது. 2023 ஜனவரி 3-ஆம் தேதி தீர்ப்பு: மந்திரி சொன்னதை அரசின் சொல்லாக ஏற்ற முடியாது. நீதிபதி நாகரத்னா மட்டும் சில அம்சங்களில் வேறுபட்டு எழுதினார். அரசியல் சட்ட மாணவர்கள் இனி நெடுங்காலம் படிக்கப்போகும் ஒரு தீர்ப்பின் அடியில் மூணாறுக் கொழுந்துக்காரிகளின் அவமானம் கிடக்கிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு. ராஜமலைக்குப் பக்கத்தில் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷன். மழையில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. கரண்டு இல்லை, போன் இல்லை. செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. பெரியவாரைப் பாலம் பழுதாகி மீட்பு வண்டிகள் தடைப்பட்டன. கிடைக்காத நான்கு பேரையும் சேர்த்து 70 பேர் இறந்தார்கள். அதில் பலருடைய பூர்வீகம் கயத்தாறு. ஒரே குடும்பத்தில் பலபேர். மறுநாள் இரவு கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம் என்று மாநில அரசு அறிவித்தது. முதலமைச்சரும் கவர்னரும் ஆகஸ்ட் 13-ஆம் தேதி வந்தார்கள். கோமதி வழியில் நின்று முறையிடப் பார்த்தார். போலீஸ் அப்புறப்படுத்திக் கொண்டுபோனது. அன்றைக்கு அவர் கேட்டதில் முக்கியமானது நஷ்டஈட்டுத் தொகைகூட இல்லை. லயத்துக்குப் பதிலாக லயம் வேண்டாம், நிலமும் வீடும் வேண்டும் என்பது. 2015-இல் போனஸ், பிறகு கூலி, பிறகு மானம், கடைசியில் நிலம். போராட்டத்தின் கோரிக்கை இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி அடித்தளத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கூலியை உயர்த்தினாலும் கூரை அதேதான் என்பதை மண் சரிந்து காட்டவேண்டியிருந்தது.

1955-இன் தர்க்கம் வேறு உடுப்பில் வரும் என்றேன். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலவாரியானது. 1950-இல் எந்த மாநிலத்தில் குடியிருந்தார்கள் என்பதைக் காட்டவேண்டும். மலைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்குக் கேரளத்தில் ஜாதிச் சான்று கேட்டால், 1950-க்கு முன்பிருந்த ஆதாரம் எங்கே என்கிறார்கள். பட்டா இல்லாதவனிடம் பத்திரம் கேட்பது. தமிழ்நாட்டுக்கு வந்து கேட்டால், நீ கேரளத்தான். தேவிகுளம் தனித்தொகுதி. 2021-இல் அங்கே ஜெயித்த ஏ. ராஜாவின் வெற்றியை 2023 மார்ச்சில் கேரள ஹைகோர்ட் ரத்துசெய்தது. அவர் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியது என்பது ஒரு வாதம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், கேரளத்துப் பட்டியலில் சேரார் என்பது இன்னொன்று. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி அவருடைய தேர்தல் செல்லும் என்றது. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு இதை நிரூபிக்க டில்லிவரை போக வசதியிருந்தது.

வங்கியில் கணக்குத் திறக்கும் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம் உண்டு. ஓய்வுபெற்று இறங்கிவருகிற எஸ்டேட்காரர்கள் அந்தக் கட்டத்தில் தயங்குவதைக் கௌண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். எஸ்டேட் பேர், டிவிஷன், லய நம்பர் மூன்றையும் தடையில்லாமல் சொல்வார்கள். இப்போது எங்கே இருக்கீங்க என்றால் மகள் வீடு, மச்சான் வீடு. நாற்பது வருஷ சர்வீஸ்.

நம் ஊரும் யோக்கியமாகப் பேசத்தக்க இடத்தில் இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறில் இடுக்கி ஏலக்காடுகளில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டு, காட்டுப்பாதை வழியே கால்நடையாக இந்த அடிவாரத்துக்கு இறங்கிவந்தார்கள். பள்ளத்தாக்கே கொதித்தது, குமுளியை நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அந்தக் கோபம் நியாயமானது. தண்ணீர் நம்முடையது, அடிபட்டவர்கள் நம்மவர்கள். ஆனால் அடிபட்ட பெண்ணின் தினக்கூலி எவ்வளவு, ஜீப்பில் எத்தனைபேரை அடைத்து ஏற்றுகிறார்கள், தோட்ட முதலாளிகளில் எத்தனைபேர் நம் ஊர்க்காரர்கள் என்ற கேள்வி அந்த மேடைகளில் எழவில்லை. 1989-இல் இதே போடியில் ஜாதிக் கலவரத்தில் வீடிழந்தவர்கள் எந்த ஜாதி என்பதும் மறந்துபோகக்கூடிய விஷயமல்ல. மேலே 'பாண்டி' என்றால் துடிக்கிற நாக்கு கீழே என்ன சொல்லி அழைக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டுதான் அந்த ஜனங்கள் நூறு வருஷத்துக்கு முன்னே மெட்டு ஏறினார்கள். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு வேண்டும் என்று பல காலமாகக் கேட்கிறோம். மலையோடு நமக்கு இருக்கும் உறவு அந்த ரோட்டுக் கோரிக்கையைத் தாண்டவில்லை.

பெட்டிமுடியில் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் சர்க்கார் நிலம் கொடுத்தது. கம்பெனி வீடு கட்டித்தந்தது. 2021 பிப்ரவரியில் சாவி கொடுத்தார்கள். எட்டு வீடு. மற்ற லயங்களில் நடைமுறை முன்போலவேதான்: வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர் அறையைக் காலிசெய்து ஒப்படைத்தால்தான் கிராஜுவிட்டி கைக்கு வரும். அறையை விடாமலிருக்க ஒரு வழி உண்டு. வீட்டிலிருந்து இன்னொருவர் வேலைக்குப் பெயர் கொடுக்கவேண்டும்.